கல் இல்லாத ஊரில் கருங்கல் ஜல்லி

காவிரிப் படுகையில் கல் கிடையாது. மயிலாடுதுறையைச் சுற்றி எங்கே வெட்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான் வரும். சோழர்கள் இந்தப் பக்கம் கட்டிய கற்கோயில்களுக்கெல்லாம் கல் வெளியிலிருந்து வந்தது. வீடு கட்டுகிறவர்கள் இன்றைக்கும் ஜல்லியை லாரியில்தான் வரவழைக்கிறார்கள். அதனால் வயல் நடுவே போகிற ஒரு மேட்டில், பக்கத்தில் வீடோ தார் ரோடோ இல்லாத இடத்தில், முனை மழுங்காத கருங்கல் ஜல்லி மண்ணுக்குள்ளிருந்து துருத்திக்கொண்டிருந்தால் நான் நின்றுவிடுவேன். அவ்வளவு தூரத்திலிருந்து கல்லைக் கொண்டுவந்து வயல்காட்டில் கொட்ட வேண்டிய தேவை ரயிலுக்குத்தான் இருந்தது.

கைவிடப்பட்ட ரயில் பாதைகளைத் தேடி நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போன பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. இரும்பைத்தான் எடுத்துப் போனார்கள். கொட்டிய மண், தண்ணீர் போக விட்ட வழி, வரப்புகளின் கோணம், பஸ் நிறுத்தங்களின் பெயர் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஒரு ரயில் பாதை நிலத்தை ஒருமுறை மாற்றிவிட்டால், அதன் பிறகு நிலம் அந்த மாற்றத்துக்குத் தக்கபடிதான் நடந்துகொள்கிறது. வண்டி நின்றுபோனதை அது கண்டுகொள்வதே இல்லை.

நான் அதிகம் நடந்தது மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதை. 1926ல் திறந்த மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலக் கிளைப்பாதை. 1986ல் மூடினார்கள். மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று வழியில் நிலையங்கள். இன்றைக்கு அந்த வழியில் பஸ்ஸில் காலேஜுக்குப் போகிற பையனிடம் இங்கே ரயில் ஓடியது என்று சொன்னால் நம்ப மாட்டான். அவன் தாத்தா அந்த வண்டியில்தான் போய் வந்திருப்பார்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620ல் வந்து கோட்டை கட்டினார்கள். 1845ல் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். 1861ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துவிட்டது. கப்பலும் ரயிலும் சேர்கிற துறைமுகத்துக்குத்தானே சரக்கு போகும்? தரங்கம்பாடி அதோடு அடங்கிப்போனது. ஆக, 1926ல் இங்கே ரயில் வந்தபோது துறைமுகத்துக்கு அதனால் பெரிய உபயோகம் இருக்கவில்லை. நெல் மூட்டை, சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிற குடும்பங்கள் என்று உள்ளூர்க்காரர்களின் வண்டியாகத்தான் ஓடியது. பிறகு ரோடு நன்றாக வந்தது. பஸ் ஊர் நடுவில் வந்து நின்று ஆளை ஏற்றியது. ரயிலடியோ பல ஊர்களில் ஒதுக்குப்புறம். இந்த மாதிரிக் குட்டிப் பாதைகள் இந்தியா முழுவதும் தோற்றது பெரும்பாலும் இந்த அரை மைல் நடையில்தான் என்பது என் எண்ணம்.

முதலில் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்டாவில் ரயில் போட வேண்டுமென்றால் தரையை உயர்த்தியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற நாடு. அந்தக் காலத்தில் மண் வெட்டும் இயந்திரம் கிடையாது. கூலி ஆட்கள் மண்வெட்டியால் இரண்டு பக்கமும் வெட்டி, கூடையில் சுமந்து நடுவில் கொட்டினார்கள். மண் எடுத்த இடங்கள் வரிசையாகக் குழிகளாயின. கரை தேய்ந்து கரைந்தாலும் குழி தூர்வது அவ்வளவு சுலபமில்லை. மழைக்காலத்தில் போனால் நீளவாக்கில் குட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கோட்டில், அல்லியும் கோரையும் மண்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஊர்க் குளம் அப்படி இருக்காது. குளத்துக்குப் படித்துறை உண்டு, பெயர் உண்டு, மூலையில் ஒரு பிள்ளையார் இருப்பார். இந்தக் குட்டைகளுக்குப் பெயரும் இல்லை, படியும் இல்லை. எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒரு வரிசை தெரிந்தால், நீங்கள் நிற்கிற இடத்தின் மேல்தான் வண்டி போயிருக்கிறது.

கரையின் மேல் இப்போது கருவேலம் காடாய்க் கிடக்கிறது. சில இடங்களில் அதைச் சமன்செய்து ரோடாக்கிவிட்டார்கள். சில இடங்களில் அறுவடை மெஷினும் டிராக்டரும் போகிற வண்டிப்பாதை. மனைக்கட்டு உயர்த்த மண் தேவைப்பட்டவர்கள் வெட்டிக்கொண்டு போனதில் சில இடங்களில் கரையே இல்லை. சட்டென்று அறுந்து, ஒரு வயலைத் தாண்டி மறுபடி தொடங்கும். இப்படி விட்டுப்போன இடத்தில் நின்றுகொண்டு எதிர்ப்பக்கத்து மேட்டைக் கண்ணால் சேர்த்துப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரயில் சட்டென்று திரும்பாது, சட்டென்று ஏறாது. எவ்வளவு பெரிய வளைவாக இருந்தாலும் மெதுவாகத்தான் வளையும். அதனால் இரண்டு துண்டு கிடைத்தால் நடுவில் இருந்த துண்டை ஊகித்துவிடலாம். மாட்டுவண்டிப் பாதையை இப்படித் தேட முடியாது. அது வரப்புக்கும் மரத்துக்கும் வளைந்து கொடுத்து, போகிறவன் மனசுபோலப் போகும்.

அடுத்தது பாலங்கள். இந்தப் பகுதி வீரசோழன், மஞ்சளாறு, மகிமலையாறு என்று காவிரி கிளை கிளையாகப் பிரிகிற நிலம். ஆறு போதாதென்று வாய்க்கால், வடிகால், கன்னி வாய்க்கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதகோ பாலமோ கட்டாமல் கரை போட்டால் மேல்பக்கத்து வயல் மூழ்கும், கீழ்ப்பக்கத்து வயல் காயும். அதனால்தான் டெல்டாவின் ரயில் பாதைகளில் கிலோமீட்டருக்குப் பல மதகுகள் இருந்தன. சிறியவை செங்கல் வளைவுகள், சுண்ணாம்புக் காரை. பெரியவற்றில் தண்டவாளத்தைத் தாங்கிய கர்டரை, அதாவது இரும்பு உத்திரத்தை எடுத்துவிட்டார்கள், தூண்களை விட்டுவிட்டார்கள். உடைத்து எடுப்பதற்கு ஆகும் கூலி, உடைத்ததில் கிடைக்கும் செங்கல்லைவிட அதிகம் என்பதால் அவை பிழைத்தன.

அப்படி ஒரு வாய்க்காலின் குறுக்கே நிற்கிற தூணின் உச்சியில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செங்கல் தூண்தான், ஆனால் உச்சியில் மட்டும் ஒரு கருங்கல் பலகை பதித்திருந்தார்கள். கர்டரின் முழுக் கனமும் அந்தக் கல்லில்தான் உட்காரும். அங்கிருந்து பரவிச் செங்கல்லுக்குள் இறங்கும். கல்லின் மேற்பரப்பைச் சமதளமாகக் கொத்தியிருந்தார்கள். உளி பட்ட வரிகள் ஒரே சாய்வில், நெருக்கமாக, இன்னும் விரலுக்குத் தட்டுப்பட்டன. நாலு மூலைக்கும் நாலு போல்ட். மூன்று தரையோடு அறுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது, மரையோடு. துருவைச் சுரண்டியபோது மரையின் பள்ளங்கள் கூர்மையாகவே இருந்தன. தூணின் ஒரு பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் செங்கல்லின் நிறம் மாறியிருந்தது. அது ஒவ்வொரு வருடமும் வெள்ளம் தொட்டுப் போகிற உயரம். வாய்க்கால் தண்ணீர் அந்தத் தூணில் பட்டு இரண்டாகப் பிரிந்து, பின்பக்கம் ஒரு சின்னச் சுழலாகி, மறுபடி சேர்ந்து போனது. மேலே பாலமே இல்லாவிட்டாலும் தண்ணீருக்கு அது பாலம்தான்.

அந்த மேட்டில் நடந்துகொண்டிருந்தபோது வயதான ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"நெலம் அளக்க வந்தீங்களா தம்பி?"

"இல்லீங்கய்யா. பழைய ரயில் லைனைப் பார்க்க வந்தேன்."

"அதுல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டவர், சற்று நேரம் கழித்து அவராகவே ஆட்டை விட்டுவிட்டு என்னோடு நடக்க ஆரம்பித்தார். ரயில் பாதையைப் பராமரிக்கிற கேங்கில் வேலை பார்த்தவர். எங்கே மண் நல்ல மண், எங்கே களி என்று காலாலேயே சொன்னார். ஓரிடத்தில் நின்று காட்டினார். "இந்த எடத்துல மட்டும் கரை நிக்காது தம்பி. மழை பேஞ்சா உள்வாங்கிடும். ராத்திரி ராத்திரியா வந்து மணல் மூட்டை அடுக்குவோம். இப்பவும் பாருங்க, டிராக்டர்காரன் இங்க வந்தா ஒதுங்கித்தான் போவான்." உண்மைதான், டிராக்டரின் டயர் தடம் அந்த இடத்தில் மட்டும் ஓரமாக விலகிப் போய்த் திரும்பச் சேர்ந்தது. கேங்மேன்களையும் கீமேன்களையும் போல ஒரு நிலத்தை அறிந்தவர்கள் குறைவு. கீமேன் சுத்தியலும் கொடியும் எடுத்துக்கொண்டு தன் பகுதி முழுவதையும் தினமும் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற சாவி எனும் இரும்பு ஆப்பு தளர்ந்திருந்தால் தட்டி இறுக்கிக்கொண்டு போக வேண்டும். வருடக்கணக்கில் அதே கல், அதே மதகு. பொறியாளர் வரைந்த படத்தில் இல்லாத விஷயங்கள் அவர்கள் காலில் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. இந்தப் பாதைகளைத் தேடுவதில் அவசரம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். செங்கல் இன்னும் ஐம்பது வருடம் நிற்கும்.

தண்டவாளம் எங்கே போனது என்பதும் தேடத் தகுந்த கதை. ஏலத்தில் போனது போக, சில துண்டுகள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. கேட்டுக்குத் தூணாக, மோட்டார் கொட்டகைக்கு உத்திரமாக, மாட்டுக்கொட்டகைக்குக் காலாக. ஒரு வீட்டில் அப்படி ஒரு காலைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்க்க அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். தண்டவாளத்தின் தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள மெல்லிய பாகத்தில், உருக்கி இழுக்கும்போதே புடைப்பெழுத்தில் செய்த கம்பெனியின் பெயரும் வருடமும் எடையும் பதித்திருப்பார்கள். டாடா என்ற பெயர் தெளிவாக வந்தது. வருடத்தில் 192 வரை தெரிந்தது, கடைசி இலக்கம் துருவில் போய்விட்டது. மீட்டர் கேஜ் கிளைப்பாதைகளில் கெஜத்துக்கு 50 பவுண்டு எடையுள்ள தண்டவாளம் சகஜம். இன்றைக்கு அகலப்பாதையில் போடுகிற தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ, அதாவது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கையால் பிடித்துப் பார்த்தால்தான் அந்தப் பழைய ரயில் எவ்வளவு சின்ன ரயில் என்று புரிகிறது.

நடப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையும் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் டெல்டாவின் வயல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். அந்தக் கட்டங்களை யாரோ குறுக்கே கீறியதுபோல ஒரு கோடு ஓடும். அதன் இரண்டு பக்கமும் உள்ள வயல்கள் முக்கோணமாகவும் கோணல் துண்டாகவும் இருக்கும். ரயிலுக்காக நிலம் எடுத்தபோது ஒரே வயல் இரண்டாக வெட்டுப்பட்டது, ரயில் போன பிறகும் அது ஒட்டவில்லை. இந்திய சர்வே துறையின் பழைய வரைபடங்களில் பாதையும் நிலையங்களும் இருக்கும். என்னைக் கேட்டால் இவற்றையெல்லாம்விட நம்பகமானது கிராம வரைபடம். அதில் ரயில் போன நிலம் தனி சர்வே எண்ணோடு, ஒரு ஊரின் எல்லையிலிருந்து அடுத்த ஊரின் எல்லை வரை நீளமான பட்டையாகப் போகும். கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே யாருடைய நிலம் என்று இருக்கும். நேரில் போனால் வேலிக்குள் மறைந்துகிடக்கிற பாதை, காகிதத்தில் ஒரு அடி குறையாமல் உயிரோடு இருக்கிறது.

இந்தக் காகிதப் பட்டைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதற்குத் தஞ்சைப் பக்கத்துப் பாதைகளே சாட்சி. இங்கே ரயில் போட்டதில் ஜில்லா போர்டு என்ற அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நில உடைமைக்காரர்களிடம் ரயிலுக்கென்றே தனி வரி வசூலித்தது. அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894ல் பாதை திறந்தது, 1902ல் பட்டுக்கோட்டைக்கும் 1903ல் அறந்தாங்கிக்கும் நீண்டது. கம்பெனிக்காரர்கள் லாபம் பார்த்துப் போட்ட பாதை இல்லை, இந்த மாவட்டத்து விவசாயி தன் வரிப்பணத்தில் போட்டுக்கொண்ட பாதை. இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கரையில் நடந்தாலும் எனக்கு அந்த எண்ணம் கூடவே வருகிறது.

பேரளம் – காரைக்கால் கதை வேறு மாதிரி. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1898ல் அங்கே போன மீட்டர் கேஜ் பாதை 1980களில் மூடப்பட்டுத் தண்டவாளம் எடுக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுக்க அதை வெறும் மேடாகத்தான் பார்த்தது. இப்போது அதே வழியில் அகலப்பாதை போட்டிருக்கிறார்கள். நீடாமங்கலம் – மன்னார்குடி பாதையும் அப்படித்தான்: தண்டவாளம் போய், ஊரே மறந்து, 2011ல் ரயில் திரும்ப வந்தது. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி பாதை கேஜ் மாற்றத்துக்காக நின்று, வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்து, 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திறந்தது. இந்த மூன்றும் திரும்பி வந்ததற்கு மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தது ஒரு காரணம். கேட்டபோது கொடுக்க அந்தப் பட்டை நிலம் இருந்தது இன்னொரு காரணம். புதிதாக நிலம் எடுக்க வேண்டியிருந்தால் வழக்கு முடிவதற்கே இன்னொரு தலைமுறை ஆகியிருக்கும்.

போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1928ல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 இறுதியில் அகலப்பாதை வேலைக்காக மறுபடி நிறுத்தினார்கள். 2023ல் மறுபடி வண்டி வந்தது. ஒரே கரை மூன்று தடவை தண்டவாளத்தைச் சுமந்திருக்கிறது. திருச்சி – நாகப்பட்டினம் பாதையும் இப்படித்தான். முதலில் அகலப்பாதையாகப் போட்டு, 1875ல் மீட்டர் கேஜாகக் குறுக்கி, நூற்றாண்டு கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். ஒரு பாதை செத்துவிட்டது என்று எளிதில் சொல்லிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்ற இவையெல்லாம்தான் காரணம்.

எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம். இன்று அந்த நகரத்துக்கு ரயில் இல்லை. ஆனால் 1905ல் திருப்பத்தூரிலிருந்து இரண்டரை அடி அகல குறுகிய பாதை ஒன்று அங்கே வந்தது. அடுத்த வருடம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு அதே அகலத்தில் இன்னொன்று, அது பிறகு ஓசூர் வரை போனது. இரண்டும் பஞ்சத் தடுப்புப் பாதைகள். 1876 – 78 பெரும் பஞ்சத்தில் தானியம் இருந்த இடத்திலிருந்து பசித்த இடத்துக்குக் கொண்டுபோக வழியில்லாமல் லட்சக்கணக்கான பேர் செத்த பிறகு, வறண்ட ஜில்லாக்களில் லாபம் வராவிட்டாலும் பாதை வேண்டும் என்ற கொள்கை வந்தது. அந்த வகையில் போட்ட பாதைகள் இவை. விடுதலைக்கு முன்பே இரண்டும் போய்விட்டன. மொரப்பூர் – தர்மபுரிக்கு மறுபடி பாதை போட 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். பஞ்சத்துக்காகப் போட்ட ஒன்றை வரவுசெலவு பார்த்து மூடியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

திருச்செந்தூர்ப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆலைக்காக இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் இருந்தது. திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளைக்கு. 1940ல் நின்றுவிட்டது. தேரி எனும் அந்தச் செம்மணலில் அதன் தடம் பிடிப்பது மிகக் கடினம், காற்று எல்லாவற்றையும் நிரவிவிடுகிறது. அதே குலசையில் இப்போது ராக்கெட் ஏவுதளம் வருகிறது.

மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. 1902ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கிற வண்டியாகத் தொடங்கி, 1908ல் இரண்டடி அகல நீராவி ரயிலானது. மூணாறிலிருந்து தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து கம்பிவழியாகச் செங்குத்தாகக் கீழே, தேனி பக்கம் கொட்டகுடிக்கு. 1924 வெள்ளத்தில் பாதை மொத்தமாக அடித்துப்போனது, திரும்பக் கட்டவில்லை. டாப் ஸ்டேஷனுக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் அது எதன் ஸ்டேஷன் என்று கேட்கிறார்கள்? பெயர்ப்பலகை மட்டும் நூறு வருடமாகச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தனுஷ்கோடியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து வந்த ரயில் தனுஷ்கோடி வரை போய், பயணிகள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கே இன்னொரு ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். போட் மெயில். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைக் கடல் எடுத்துக்கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார், ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. இன்று எல்லோரும் அங்கே இடிந்த தேவாலயத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் போனால் தண்டவாளம் எந்தத் திசையில் கடற்கரைக்குப் போயிருக்கும் என்று பார்ப்பேன். டெல்டாவில் கற்றது எதுவும் அங்கே உதவாது. மணல் நகர்கிறது, கரையே நகர்கிறது. இடிபாடுகளில் செங்கல்லுக்குப் பதில் பவளப்பாறைக் கல். குழி இல்லை, வரப்பு இல்லை, வழி சொல்ல வயல் இல்லை. நிலம் நினைவு வைத்துக்கொள்ள மறுக்கிற ஒரே இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன்.

அந்தக் கப்பலின் மறுகரையில் நடந்ததையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும். தலைமன்னார்ப் பாதையும் யாழ்ப்பாணப் பாதையும் 1990ல் போரில் நின்றன. வடக்கில் தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. யாழ்தேவி ஓடிய பாதையின் மேலே மரம் வளர்ந்தது. 2014ல் யாழ்ப்பாணத்துக்கும் 2015ல் தலைமன்னாருக்கும் ரயில் திரும்பியது. அங்கிருக்கும் நண்பர்கள் சொல்வதைக் கேட்டால், பாதை மறைந்திருந்த அந்தக் காலத்திலும் ஊரில் யாரும் வழி சொல்லும்போது 'ஸ்டேஷனடி' என்று சொல்வதை நிறுத்தவில்லை. ரயிலையே பார்த்திராத பிள்ளைகளும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தரங்கம்பாடிக்கே திரும்பினால், அந்தப் பாதையை மீண்டும் போட வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வருமா, வராதா என்பது பணம் போடுகிறவர்கள் எடுக்கிற முடிவு. என் வேண்டுகோள் அதைவிடச் சின்னது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை மாதிரியான பெரிய வேலைகள் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் மண்ணுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கேட்பாரற்றுக் கிடக்கிற ரயில் கரைதான் லாரிக்கு முதலில் கண்ணில் படும். அதை வெட்டவிடக் கூடாது. மேலே நடைபாதை போடுங்கள், சைக்கிள் போகட்டும், மரம் நடுங்கள். எதுவும் செய்யாமல் கருவேலத்தோடு விட்டாலும் சரி. பட்டை நிலத்தைத் துண்டு போட்டுப் பட்டா கொடுத்துவிட்டால் அதன் பிறகு ரயிலும் வராது, வடிகாலும் இருக்காது. மழைக்காலத்தில் மேல்பக்கத்து வயல்காரர்கள் இப்போதே மதகு அடைத்துக் கிடப்பதாகச் சொல்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் இருந்தவரை வருடா வருடம் தூர்வாரினார்களாம். தண்டவாளம் போனதும் அந்த மதகுகள் யாருடையவை என்பதற்குப் பதில் இல்லாமல் போய்விட்டது. ஊராட்சி தனது இல்லை என்கிறது, பொதுப்பணித்துறையின் பட்டியலிலும் அவை இல்லை. எந்தெந்த மதகு எங்கே இருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று நடந்து பார்த்து ஒரு பட்டியலாவது யாராவது எடுக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, எந்த வாய்க்காலில் இருக்கிறது, தண்ணீர் போகிறதா இல்லையா. மன்னம்பந்தலிலிருந்து ஆக்கூர் வரை முடிந்திருக்கிறது.

அப்புறம் கோடியக்கரை. அகஸ்தியன்பள்ளிக்கு ரயில் திரும்பிவிட்டது. அதற்கு அப்பால் கோடியக்கரை வரை முன்பு போன துண்டு மட்டும் திரும்பவில்லை. உப்பளத்தையும் காட்டையும் ஒட்டிப் போன பாதை அது. உப்பளத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் வேதாரண்யத்தில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மழை முடிந்து தை பிறந்ததும், உப்பு வேலை தொடங்குவதற்கு முன்னால் போக வேண்டும்.